தமிழகத்தில் ஃப்ளூ தடுப்பூசி: எந்த மாதத்தில், யாருக்கு முதலில்?

பருவக்குறிப்பு (இழையைத் தொடங்கியவர்)

ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, ஊருக்கு ஊர் காய்ச்சல் முகாம்கள் அறிவிக்கப்பட்ட பிறகுதான் ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றிய பேச்சு நம்மிடையே எழுகிறது. ஊசி போட்டபின் போதிய எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், அந்தப் பேச்சு எழும் நேரத்திலேயே பரவல் உச்சத்தை நெருங்கிவிடுகிறது. எனவே இங்கே இரண்டு கேள்விகளை மட்டும் விவாதிக்க விரும்புகிறேன். நம் மாநிலத்துக்கு உகந்த மாதம் எது? ஊசிகள் குறைவாக இருக்கும் நிலையில் அவை யாருக்கு முதலில் போய்ச் சேர வேண்டும்?

இந்தியா முழுமைக்கும் பொதுவான ஒரு ஃப்ளூ பருவம் கிடையாது. பல நகரங்களின் கண்காணிப்புத் தரவுகளை ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஸ்ரீநகரில் குளிர்காலமான ஜனவரி முதல் மார்ச் வரையிலும், தில்லி, லக்னோ, புனே, நாக்பூர், கொல்கத்தா போன்ற நகரங்களில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும், சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இன்ஃப்ளூயன்சா உச்சம் பெறுகிறது. தில்லிக்குப் பொருந்தும் அறிவுரையை அப்படியே மொழிபெயர்த்துச் சென்னைக்கு வழங்கினால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

தடுப்பூசிக்கும் தனியாக ஒரு நாட்காட்டி இருக்கிறது. வைரஸின் எந்தெந்தத் திரிபுகளை (மாற்று வடிவங்களை) ஊசியில் சேர்க்க வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது. பிப்ரவரியில் கூடும்போது வட அரைக்கோளத்தின் அடுத்த குளிர்காலத்துக்கும், செப்டம்பரில் கூடும்போது தென் அரைக்கோளத்தின் அடுத்த ஆண்டுக்கும் பரிந்துரை வெளியாகிறது. நாம் செப்டம்பரில் ஊசி போடுவதாக வைத்துக்கொண்டால், அப்போது கிடைக்கும் வட அரைக்கோளத் தயாரிப்பின் திரிபுகள் ஏழு மாதங்களுக்கு முன் தேர்ந்தெடுக்கப்பட்டவை. தென் அரைக்கோளத் தயாரிப்பின் திரிபுகளோ ஓராண்டு பழையவை. ஊசி தரும் பாதுகாப்பும் நிலைத்து நிற்பதில்லை. அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று, மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 11 சதவீதம் வரை அது தேய்வதாகக் கணக்கிட்டது. ஏப்ரல், மே மாதங்களில் போட்டுக்கொள்பவர் நவம்பர் மழையில் நனையும்போது பாதுகாப்பின் கணிசமான பகுதியை இழந்திருப்பார். ஆகவே செப்டம்பர் மாதமும் வட அரைக்கோளத் தயாரிப்புமே நமக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

அடுத்தது, எத்தனை பேரை ஊசி எட்டியிருக்கிறது என்பது. இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தில் இல்லை. 2017–18இல் நடந்த இந்திய முதுமை ஆய்வின்படி, 45 வயதைக் கடந்தவர்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதைப் போட்டுக்கொண்டவர்கள் சுமார் 1.5 சதவீதம் மட்டுமே. ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி இது என்பதை நினைத்தால், ஒரு குறிப்பிட்ட பருவத்தில் பாதுகாப்புடன் இருப்போரின் விகிதம் அதைவிடவும் குறைவாகத்தான் இருக்கும். முதியோரில் 75 சதவீதத்தினரை 2010க்குள் எட்ட வேண்டும் என்று உலக சுகாதார மாமன்றம் 2003இல் இலக்கு வைத்தது. அந்த இலக்கும் நாமும் ஒரே உலகத்தில் இருப்பதாகவே தோன்றவில்லை.

மழைமானி

நல்ல தொடக்கம். மழைக்கும் ஃப்ளூவுக்கும் உள்ள தொடர்பு பலர் எண்ணுவதைப் போல நேரானது அன்று என்பதைச் சொல்ல விரும்புகிறேன். குளிர்நாடுகளில் காற்றின் ஈரப்பதம் மிகவும் குறையும் காலத்தில்தான் இந்த வைரஸ் நன்றாகப் பிழைக்கிறது. நம்மிடம் காற்று நீராவியால் நிறைந்திருக்கும் மழைக்காலத்தில் அது ஓங்குகிறது. மூடிய அறைகளில் மக்கள் நெருங்கியிருப்பது, வெயில் குறைவது, பள்ளிகள் திறந்திருக்கும் காலம் எனப் பல காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன. அவற்றில் எதுவும் தனித்து நின்று முழு விளக்கமாகிவிடுவதில்லை.

தமிழ்நாட்டுக்குள்ளேயே கன்னியாகுமரியும் நீலகிரியின் மேற்குச் சரிவும் தென்மேற்குப் பருவமழையில் நன்றாக நனைகின்றன. சென்னையையும் வேலூரையும் வைத்து வகுத்த நாட்காட்டியைக் கூடலூருக்கும் நாகர்கோவிலுக்கும் நீட்டுவதற்கு முன் அங்குள்ள மருத்துவமனைகளின் மாதவாரித் தரவைப் பார்ப்பது நல்லது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 2023 மார்ச் மாதத்தில் இன்ஃப்ளூயன்சா ஏ வகையின் ஒரு பிரிவான எச்3என்2 பரவி, தமிழக அரசு ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியதே, அப்போது எந்த மழை பெய்தது?

தெற்குவீதி மருத்துவர்

மழைமானி ஐயாவின் கடைசிக் கேள்விக்கு என் அனுபவத்தை ஒட்டிய விடை இது. நான் டெல்டா பகுதியில் ஒரு சிறு நகரத்தில் பொது மருத்துவம் பார்க்கிறேன். 2020 மார்ச்சுக்குப் பின்னும் 2021இன் பெரும்பகுதியிலும் உலகெங்கும் இன்ஃப்ளூயன்சா ஏறத்தாழ காணாமற்போனது. முகக்கவசமும் ஊரடங்கும் பயணத்தடையும் கோவிட்டை முழுமையாக அடக்கவில்லை என்றாலும், பரவும் வேகம் குறைவான ஃப்ளூவை முடக்கப் போதுமானவையாக இருந்தன. இன்ஃப்ளூயன்சா பி வகையின் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதிசெய்யப்பட்ட வகையில் எங்குமே தென்படவில்லை. அதனால் 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதைத் தடுப்பூசியிலிருந்து நீக்கலாம் என்றது. நான்கு திரிபுகள் சேர்ந்த நால்வகைத் தடுப்பூசி மீண்டும் மூவகையாவதற்குக் காரணம் இதுதான். செலவைக் குறைக்க உற்பத்தியாளர் செய்த தந்திரம் என்று என்னிடம் வாதிட்டவர்கள் உண்டு.

இரண்டு ஆண்டுகள் வைரஸைச் சந்திக்காத சமூகத்தில், குறிப்பாகச் சிறு குழந்தைகளிடம், எதிர்ப்பாற்றல் குறைந்திருந்தது. அந்த நிலையில் பரவல் தன் வழக்கமான மாதத்துக்காகக் காத்திருக்கவில்லை. 2023 தொடக்கத்தில் நாடு முழுவதும் எச்3என்2 ஓங்கியதற்கு இதையே முக்கியக் காரணமாகக் கருதுகிறேன். அதற்கு முன்பும், 2015இல் வட, மேற்கு மாநிலங்களைத் தாக்கிய, பன்றிக் காய்ச்சல் எனப்படும் எச்1என்1 அலை பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் உச்சம் தொட்டது. நாட்காட்டி என்பது சராசரியைச் சொல்வது. ஆனால் திட்டமிடுவதற்கு நம்மிடம் அதைவிட நல்ல கருவி இல்லை.

குன்னூர்வாசி

சிறு சேர்க்கை. புதிய வைரஸ் வரும்போது பருவம் பொருட்டாவதில்லை என்பதற்கு நம் துறைமுகமே சாட்சி. 1957 மே மாதத்தில் ஆசிய ஃப்ளூ சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் சென்னையில் இறங்கி, கோடையிலேயே நாடெங்கும் பரவியது. அடுத்த பிப்ரவரிக்குள் இந்தியாவில் பதிவான நோயாளிகள் 44 லட்சத்தைத் தாண்டினார்கள். அந்நாளில் இந்திய அரசின் இன்ஃப்ளூயன்சா மையம் எங்கள் ஊர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கியது. இன்று அந்தப் பணியைப் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் செய்கிறது.

எண்கணக்கர்

இழையைத் தொடங்கியவரின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் எண்களை இவ்வளவு எளிதாக நம்பக் கூடாது என்று எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

அரசு வெளியிடும் எச்1என்1 கணக்கைப் பாருங்கள். 2015இல் 42,592 நோயாளிகள், 2,990 இறப்புகள். 2016இல் 1,786 நோயாளிகள், 265 இறப்புகள். 2017இல் மீண்டும் 38,811 நோயாளிகள், 2,270 இறப்புகள். இறப்பை நோயாளிகளால் வகுத்துப் பார்க்கிறவர், 2016இல் ஃப்ளூ பிடித்தவர்களில் ஏழில் ஒருவர் இறந்தார் என்ற முடிவுக்கு வருவார். அப்படி எதுவும் நிகழவில்லை. நம் வழிகாட்டுதல் நோயின் கடுமையைக் கொண்டு நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்று பிரிவாக்குகிறது. லேசான அறிகுறியுள்ள ஏ பிரிவினருக்குப் பரிசோதனையும் வேண்டாம், ஓசல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும் வேண்டாம். பி பிரிவில் ஆபத்து மிகுந்தவர்களுக்குப் பரிசோதனை இல்லாமலேயே மாத்திரை தொடங்கலாம். மூச்சுத்திணறலோடு வரும் சி பிரிவினருக்குத்தான் சேர்க்கையும் பரிசோதனையும். ஆகவே வகுக்கும் எண்ணாக நம் கையில் இருப்பது படுக்கையில் விழுந்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே.

மறுபுறம், 2010 முதல் 2013 வரையிலான இறப்புப் பதிவுகளைக் கொண்டு செய்த மதிப்பீடு ஒன்று, இன்ஃப்ளூயன்சாவோடு தொடர்புடைய சுவாச, இதய நோய் இறப்புகள் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1,27,000 என்கிறது. இரண்டு எண்களில் எது உண்மை என்று கேட்பதில் பயனில்லை; அவை அளப்பவை வெவ்வேறு. முதலாவது எச்1என்1 என்று ஆய்வகம் உறுதிசெய்தவற்றை மட்டும் எண்ணுகிறது. இரண்டாவது, ஃப்ளூ ஓங்கும் மாதங்களில் வழக்கத்துக்கு மேல் கூடும் இறப்பைப் புள்ளியியல் முறையில் பிரித்தெடுக்கிறது.

அடுத்தது தடுப்பூசி எட்டிய விகிதம். அதை ஏன் இலக்காக்குகிறோம்? இங்கிலாந்தில் 2017–18 பருவத்தில் 65 வயதைக் கடந்தவர்களில் 72 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஊசி போட்டிருந்தார்கள். அந்தப் பருவம் கடுமையாகவே இருந்தது. எச்3என்2வும், மூவகைத் தடுப்பூசியில் இடம்பெறாத பி யமகாட்டாவும் சேர்ந்து பரவின. முதியோரிடம் ஊசியின் செயல்திறன் ஏறத்தாழ 10 சதவீதமாக மதிப்பிடப்பட்டது. பத்தில் ஏழு பேருக்கு ஊசி, ஊசிக்குப் பத்தில் ஒரு பங்கு பலன். பெருக்கிப் பாருங்கள்.

பருவக்குறிப்பு

பெருக்கிப் பார்த்தேன், எண்கணக்கர் அவர்களே. மிக மோசமான ஒரு பருவத்தை எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள். அது நேர்மையான எடுத்துக்காட்டுதான், ஆனால் அதுவே விதி ஆகாது. திரிபுகள் நன்கு பொருந்தும் ஆண்டுகளில் செயல்திறன் 40 முதல் 60 சதவீதம் வரை இருக்கிறது. பொருந்தாத ஆண்டில், அமெரிக்காவின் 2014–15 பருவத்தைப் போல, 20 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. தடுப்பூசிக்காகக் கோழிமுட்டையில் வளர்க்கப்படும்போதே எச்3என்2 சற்று மாறிவிடுவதால் அந்த வகையிடம் பலன் பெரும்பாலும் குறைவு. இங்கிலாந்து அந்தப் பருவத்தின் படிப்பினையை ஏற்று, அடுத்த ஆண்டிலிருந்தே முதியோருக்கு எதிர்ப்பாற்றலைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்த தடுப்பூசியை வழங்கத் தொடங்கியது. ஊசியைக் கைவிட வேண்டும் என்ற முடிவுக்கு அங்கே யாரும் வரவில்லை. 2021–22இல் அங்கு முதியோரில் 82 சதவீதத்தினர் போட்டுக்கொண்டார்கள். அதன்பின் விகிதம் சற்றே சரிந்தது.

ஆனால் உங்கள் வாதத்தின் அடித்தளத்தை ஏற்கிறேன். எத்தனை பேருக்குப் போட்டோம் என்பதைவிட யாருக்குப் போட்டோம் என்பதே எனக்கு முக்கியம். மாரடைப்பு வந்தவர்களுக்கு மருத்துவமனையிலேயே ஃப்ளூ ஊசி போட்டுப் பார்த்த பன்னாட்டு ஆய்வு 2021இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் ஊசி பெற்ற பிரிவில் 2.9 சதவீதம், பெறாத பிரிவில் 4.9 சதவீதம். கோவிட் காரணமாக அந்த ஆய்வு திட்டமிட்ட அளவை எட்டுமுன் நிறுத்தப்பட்டது என்பதைச் சேர்த்தே சொல்கிறேன். இருந்தாலும் காய்ச்சலையும் இருமலையும் மட்டும் தடுக்கும் ஊசியாக இதைப் பார்ப்பது போதாது என்பதை அது உணர்த்துகிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இவ்வளவு பரவியிருக்கும் மாநிலத்தில் நாம் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

பள்ளிமணி

ஆபத்து மிகுந்தவர்களை மட்டும் நோக்குவது ஒரு வழி. பரப்புகிறவர்களை நோக்குவது இன்னொரு வழி. இரண்டாவது வழியை ஒரு நாடு முழுமையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஜப்பான் 1962இல் பள்ளிக் குழந்தைகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி போடும் திட்டத்தைத் தொடங்கியது. 1977இல் அது சட்டப்படி கட்டாயமாயிற்று. நோக்கம் குழந்தைகளைக் காப்பது மட்டும் அன்று. வகுப்பறையில் பரவலை நிறுத்தினால் வீட்டிலிருக்கும் பாட்டனும் பாட்டியும் தப்புவார்கள் என்பதே. பின்னர் ஐயங்கள் எழுந்தன. மாயேபாஷி என்ற நகரில், 1979இல் ஊசிக்குப்பின் ஒரு குழந்தைக்கு வலிப்பு ஏற்பட்டதைத் தொடர்ந்து, அந்நகர மருத்துவர் சங்கம் திட்டத்தையே நிறுத்தியது. அக்கம்பக்க நகரங்களோடு ஒப்பிட்டு, பரவலில் வேறுபாடு தெரியவில்லை என்றும் 1987இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டில் பெற்றோர் மறுக்கலாம் என்று விதி தளர்ந்தது. எட்டியவர்களின் விகிதம் வேகமாகச் சரிந்தது. 1994இல் திட்டமே முடிவுக்கு வந்தது.

கதை அங்கே முடியவில்லை. 2001இல் வெளியான ஆய்வு, ஜப்பானின் குளிர்கால மிகை இறப்பைப் பல பத்தாண்டுகளுக்கு வரைந்து பார்த்தது. பள்ளித் திட்டம் நடந்த காலத்தில் இறப்புகள் தாழ்ந்தும், நின்றபின் உயர்ந்தும் இருந்தன. திட்டம் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 வரை இறப்புகளைத் தடுத்தது என்றும், ஏறத்தாழ 420 குழந்தைகளுக்குப் போட்ட ஊசி ஓர் உயிரைக் காத்தது என்றும் அது மதிப்பிட்டது. காக்கப்பட்டவர்களில் மிகப்பெரும்பாலோர் முதியவர்கள். ஊசி போட்டுக்கொண்டதோ அவர்களுடைய பேரப்பிள்ளைகள்.

கனடாவில் ஹட்டரைட் என்ற கிறித்தவச் சமயக் குழுவினர் கூட்டாக வாழும் குடியிருப்புகளில் நடந்த சோதனை இதற்கு இன்னும் உறுதியான சான்று. சில குடியிருப்புகளின் குழந்தைகளுக்கு ஃப்ளூ ஊசியும், மற்றவற்றின் குழந்தைகளுக்கு மஞ்சள்காமாலை ஏ ஊசியும் போட்டார்கள். ஃப்ளூ ஊசி எட்டிய இடங்களில், ஊசியே போடாத மற்றவர்களிடம் நோய் 61 சதவீதம் குறைந்தது. 2010இல் வெளியான முடிவு இது.

எண்கணக்கர்

பள்ளிமணி, ஜப்பான் தரவில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அதே பத்தாண்டுகளில் அங்கு முதியோரின் எண்ணிக்கை கூடியது. எச்3என்2 வகையின் வலிமை ஆண்டுக்காண்டு மாறியது. இறப்பின் ஏற்றத்தாழ்வு முழுவதையும் பள்ளித் திட்டத்தின் கணக்கில் எழுதுவது மிகை. ஹட்டரைட் சோதனை குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யப்பட்டது என்பதால் அதை ஏற்கிறேன். ஆனால் அது வெளியுலகத் தொடர்பு குறைந்த, கூட்டாக வாழும் சிறு குடியிருப்புகளில் நடந்தது. திருப்பூரில் அப்படி ஒரு தெருவைக் காட்டுங்கள்.

நம் நாட்டுச் சான்றே இருக்கிறது. ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் 2009 முதல் 2012 வரை குழந்தைகளுக்கு ஊசி போட்டு மூன்றாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஊசி பெற்ற குழந்தைகளிடம் பலன் முதலாண்டில் சுமார் 25 சதவீதம், அடுத்த ஆண்டில் 41, மூன்றாம் ஆண்டில் 74. வீட்டிலிருந்த மற்றவர்களுக்குக் கிடைத்த மறைமுகப் பாதுகாப்போ எல்லா ஆண்டும் சீராக இல்லை. இந்தியக் கிராமத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது ஜப்பானையும் கனடாவையும்விட பல்லப்கருக்கு முதலிடம் தருவேன்.

பள்ளிமணி

தருவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 25இலிருந்து 74 வரை ஊசலாடும் பலனைப் பார்த்து ‘பயனில்லை’ என்று படிப்பதும் ஒரு தேர்வுதானே? குழந்தைகள் தங்களுக்காகவே காக்கப்பட வேண்டியவர்கள் என்பதும் இந்த விவாதத்தில் மறைந்துபோகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஆண்டுதோறும் இதைப் பரிந்துரைக்கிறது. பரிந்துரை இருக்கிறது, வசதியுள்ளவர் வாங்குகிறார், மற்றவருக்கு அது மருந்துச்சீட்டில் எழுதப்படாத ஊசியாகவே இருக்கிறது.

கும்பகோணம் வாசகி

இங்கே எல்லோரும் துறை அறிந்தவர்களாகத் தெரிகிறீர்கள். குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் தந்தைக்கு 72 வயது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மே மாதத்தில் அவருக்கு இந்த ஊசியைப் போட்டோம். மேலே எழுதியிருப்பதைப் படித்தபின், மழைக்கு முன் மறுபடியும் போட வேண்டுமா என்ற குழப்பம் வந்துவிட்டது. மருந்துக் கடையில் கேட்டால் பெட்டியில் உள்ள ஆண்டைப் பார்த்து வாங்குங்கள் என்று மட்டும் சொல்கிறார்கள். அவருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது என்பதும் ஒரு கவலை.

தெற்குவீதி மருத்துவர்

அம்மா, கவலைப்பட வேண்டாம். மே மாதத்தில் போட்டது வீணாகவில்லை. பாதுகாப்பு குறைந்துகொண்டு வரும் என்றுதான் சொன்னோமே தவிர, இல்லாமற்போகும் என்று சொல்லவில்லை. பெரியவர்களுக்கு ஆண்டுக்கு ஒன்று என்பதே பொதுவான பரிந்துரை. உங்கள் தந்தையின் சிறுநீரகம், இதயம் ஆகியவற்றின் நிலையை அறிந்த மருத்துவரிடம் கேட்டு, அடுத்த ஆண்டு முதல் ஆகஸ்ட் இறுதிக்கோ செப்டம்பருக்கோ நகர்த்திக்கொள்ளுங்கள். பெட்டியில் ஆண்டோடு வட அரைக்கோளமா தென் அரைக்கோளமா என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். காலாவதி நாளையும் பாருங்கள்.

முட்டை சாப்பிட்டால் வயிறு ஒத்துக்கொள்ளாது என்பது வேறு, உண்மையான ஒவ்வாமை வேறு. முட்டை ஒவ்வாமை இருப்பதாலேயே இந்த ஊசியை மறுக்க வேண்டியதில்லை என்பதே இன்றைய நிலைப்பாடு. முன்பு இதே ஊசிக்குக் கடுமையான எதிர்வினை வந்திருந்தால் மட்டும் போடக் கூடாது. எதுவாயினும் ஊசி போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கட்டும்.

புதன்கிழமை ஊசி

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இங்கே மாதத்தையும் சதவீதத்தையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஊசி எந்தப் பெட்டியில் உட்காரும் என்று ஒருவரும் எழுதவில்லை.

ஃப்ளூ ஊசி இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் கெட்டுவிடும். சந்தையில் வருவதில் பெரும்பகுதி, ஒருவருக்கு ஒன்றாக மருந்து நிரப்பி வரும் சிரிஞ்சு. பத்துப் பேருக்கான மருந்தை ஒரே சிறு குப்பியில் வைக்கும் இடத்தில், அட்டைப் பெட்டியோடு வரும் அந்தச் சிரிஞ்சுகளில் இரண்டோ மூன்றோதான் வைக்க முடியும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டி குழந்தைகளுக்கான ஊசிகளைக் கணக்கிட்டு வாங்கப்பட்டது. செப்டம்பரில் ஒரே மாதத்துக்காக முதியோருக்கான ஊசிகள் வந்து இறங்கினால், குழந்தைகளுக்கான ஐந்து நோய்த் தடுப்பூசியான பெண்டாவேலண்டை எங்கே வைப்பது? அரசு வாங்குவதானால் பல டோஸ் குப்பிகளாகவே கேட்க வேண்டும். மீதமானதை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்கவும் முடியாது, திரிபு மாறிவிடும். அதனால் தேவையைக் கூடுதலாகக் கணக்கிட்டாலும் இழப்பு, குறைத்துக் கணக்கிட்டாலும் இழப்பு.

வழி இல்லை என்று சொல்ல வரவில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீட்டுக்கே மாத்திரை கொண்டு சேர்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை நோயாளி யார், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் யார் என்ற பட்டியல் வீடு வாரியாகக் கையில் இருக்கிறது. மாத்திரை கொண்டுபோகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் ஊசி போட முடியாது, போடவும் கூடாது. ஆனால் எந்த வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவர் சொல்லி அனுப்ப, வழக்கமான புதன்கிழமை முகாமில் பிற்பகலை முதியோருக்கென ஒதுக்கி, செவிலியர் போடலாம். காலையில் குழந்தைகளும் தாய்மாரும் வந்துபோன பிறகு இடமும் இருக்கும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மட்டும் வீட்டுக்குப் போனால் போதும்.

கர்ப்பிணிகளை யாரும் பேசவில்லை என்பதையும் குறித்து வைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2012 முதல் அவர்களுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. தாய்க்குப் போட்டால், ஆறு மாதம் வரை தனக்கென ஊசி போட முடியாத பச்சிளம் குழந்தைக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. அவர்கள் எப்படியும் மாதம் தவறாமல் எங்களிடம் வருகிறவர்கள். தேடிப் போக வேண்டியதே இல்லை.

பருவக்குறிப்பு

இந்த இழையைத் தொடங்கியபோது நான் எதிர்பார்த்த பதிவு இதுதான், அம்மா. இங்கிலாந்தில் எட்டிய விகிதத்தை அவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு குடும்ப மருத்துவரிடமும் பெயர்ப் பட்டியல் இருப்பதும், அதைக் கொண்டே அழைப்பு அனுப்புவதும்தான். நம்மிடம் அப்படிப்பட்ட பட்டியல் இல்லை என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். மாத்திரை போகும் வீடுகளின் பட்டியலே அதுவாக முடியும் என்கிறீர்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தனியாரிடம் ஓர் ஊசிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆண்டுதோறும் அதைச் செலவிடுவது பெரும்பாலான குடும்பங்களுக்கு இயலாது. ஆனால் சில்லறை விலையை மக்கள்தொகையால் பெருக்கி, கைக்கு எட்டாது என்று முடிவு கட்டுவது சரியன்று. மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்கும் முறையில் 1994இல் அமைந்த நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரி. உள்நாட்டு உற்பத்தியாளர்களும் இருக்கிறார்கள்.

மழைமானி

ஒரு நாட்டுக்குள் இரு நாட்காட்டி வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று யாரேனும் சொல்வதற்கு முன் பிரேசிலைக் குறிப்பிட்டுவிடுகிறேன். 1999 முதல் அங்கு முதியோருக்கான ஃப்ளூ ஊசி இயக்கம் நாடு முழுவதும் ஏப்ரல் மாதத்தை ஒட்டியே நடந்தது. தென்பகுதியின் குளிர்காலத்துக்கு அது பொருந்தியது. நிலநடுக்கோட்டை ஒட்டிய வடக்கிலோ மழையும் ஃப்ளூவும் ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடும். ஊசி வந்து சேரும்போது பரவல் தணியத் தொடங்கியிருக்கும். கடைசியில் 2023 நவம்பரில், அமேசான் பகுதி மாநிலங்களுக்கு மட்டும் இயக்கத்தைத் தனியே முன்னகர்த்தினார்கள். அந்த முடிவுக்கு வர அவர்களுக்கு ஏறத்தாழ கால் நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

எண்கணக்கர்

நான் எதிர்ப்பதற்காக எதிர்க்கிறவன் அல்லன். புதன்கிழமை ஊசி அம்மா சொன்ன திட்டத்தை ஒரு மாவட்டத்தில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அதை மதிப்பிட இரண்டு ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எட்டிய விகிதத்தைக் கணக்கிடும்போது, பட்டியலில் உள்ள மொத்தப் பெயர்களே கீழெண்ணாக இருக்க வேண்டும். முகாமுக்கு வந்தவர்களைக் கீழெண்ணாக்கி 90 சதவீதம் என்று அறிக்கை எழுதக் கூடாது. அடுத்து, அந்த மாவட்டத்திலும் அண்டை மாவட்டம் ஒன்றிலும், கடுமையான சுவாசத் தொற்றோடு அரசு மருத்துவமனையில் சேரும் 45 வயதுக்கு மேற்பட்ட அனைவரிடமும், திட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே தொண்டைச் சளி மாதிரி எடுத்து, வகையும் மாதமும் குறித்து, ஊசி போட்டவரா என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். சென்னை கிண்டியிலுள்ள அரசு ஆய்வகமான கிங் நிறுவனத்துக்கு மாதிரிகளை அனுப்பும் பழக்கம் ஏற்கெனவே உள்ளதுதான்.

புதன்கிழமை ஊசி

எழுதி வைக்கலாம். ஆனால் ஊசி போட்டீர்களா என்று நோயாளியைக் கேட்டால், போன வாரம் போட்ட டெட்டனஸ் தடுப்புக்கான டி.டி. ஊசியையும் சேர்த்து ஆமாம் என்பார். மாத்திரை அட்டையிலேயே ஒரு கட்டம் அச்சிட்டு, ஊசி போட்ட அன்றைக்குத் தேதியோடும் மருந்தின் தொகுதி (பேட்ச்) எண்ணோடும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மருத்துவமனைக்கு வரும்போது வேறு எதை மறந்தாலும் அந்த அட்டையை எடுத்து வருவார்கள்.